பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை, போட்ட பிறகு மல்லுக்கட்ட வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது. 2015-இல் வாங்கிய லேப்டாப். ஐந்தாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது, விண்டோஸ் 11 ஏறாது. மகள் பள்ளிப் பாடத்துக்கும், நீங்கள் வங்கி, கரண்ட் பில் வேலைகளுக்கும், அப்பா தமிழில் தட்டச்சு செய்யவும் அதையே பயன்படுத்துகிறீர்கள். ஒரு லேசர் பிரிண்டர் இருக்கிறது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறலாமா, எதைப் போடுவது, எப்படிப் போடுவது?

மாறலாம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. வீட்டுப் பயனர்களுக்குப் பதிவு செய்தால் கிடைக்கும் கூடுதல் காலமும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். உங்கள் கணினியின் பிராசஸர் இதில் தேறாது. குறுக்குவழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த டிஸ்க்கிலும் 4 ஜிபியிலும் அது நகராது.

"எந்த லினக்ஸ்?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. அதைக் கடைசியில் கேட்டாலும் பரவாயில்லை. நிறுவுவது அரை மணி நேர வேலை. சறுக்குவது அங்கே அல்ல. வீட்டில் எந்த மென்பொருள், எந்தக் கருவி விண்டோஸை மட்டும் நம்பி இருக்கிறது என்று பார்க்காமல் டிஸ்க்கை அழித்துவிடுவதில்தான் சறுக்குகிறார்கள்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, கடந்த ஆறு மாதத்தில் அந்தக் கணினியில் என்னென்ன செய்தீர்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டு எழுதுங்கள். பிரவுசருக்குள் நடக்கிற எதுவும் அப்படியே நடக்கும்: வங்கி, ரயில் டிக்கெட், மின்கட்டணம், யூடியூப், கூகுள் மீட், வாட்ஸாப் வெப். ஜூம் லினக்ஸுக்கென்றே பதிப்பு தருகிறது. டீம்ஸை பிரவுசரில் திறக்க வேண்டும். ஓடிடி தளங்கள் ஓடும், ஆனால் மிக உயர்ந்த தெளிவில் கிடைக்காது. பத்து வருடப் பழைய திரையில் அது தெரியப்போவதும் இல்லை.

ஓடாதவை என்று பார்த்தால், கணக்கு மென்பொருளான டாலி விண்டோஸுக்கானது. அடோபியின் போட்டோஷாப், பேஜ்மேக்கர், அச்சகங்களில் ஓடும் கோரல்டிரா ஆகியவற்றுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. வைன் என்ற இடைப்பொருள் வழியாகச் சிலவற்றை ஓட்டலாம், ஆனால் பிழைப்புக்கான வேலையை அதன் மேல் வைக்கக் கூடாது. வருமான வரி, ஜிஎஸ்டி, டெண்டர் ஆகியவற்றில் யூஎஸ்பி டோக்கனைச் செருகி டிஜிட்டல் கையெழுத்து போடுபவர்கள் விண்டோஸை விட்டுவிட வேண்டாம். டோக்கனின் டிரைவரை லினக்ஸில் ஏற்ற முடிந்தாலும், கையெழுத்துக்கான துணை மென்பொருள்கள் விண்டோஸை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. கைரேகைக் கருவிகளும் அப்படித்தான். ஆன்லைன் தேர்வுகளில் திரையைப் பூட்டிவைக்கும் பிரவுசர்கள் பல, லினக்ஸில் திறக்கவே திறக்காது. மகளுக்கு அப்படி ஏதாவது தேர்வு வருமா என்று பள்ளியில் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுகளில் ஸ்டீம் வழியாக வருபவை பல ஓடும். வாலரன்ட் போல, ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்க விண்டோஸின் ஆழத்தில் காவலாளியை நிறுத்திவைக்கும் விளையாட்டுகள் ஓடாது.

உங்கள் பட்டியலில் இவை எதுவும் இல்லை போலத் தெரிகிறது. உங்களுக்கு உண்மையான கேள்விகள் இரண்டே: அப்பாவின் தமிழ், வீட்டுப் பிரிண்டர். இரண்டுக்கும் கீழே வருகிறேன்.

முதலில் கணினியின் உடம்பைப் பார்ப்போம். அது மெதுவாக இருப்பதற்கு விண்டோஸை மட்டும் திட்டுவது நியாயமில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும்வரை எந்த இயங்குதளமும் தவழத்தான் செய்யும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்குங்கள்: 2.5 அங்குல சாட்டா வகை, 240 அல்லது 256 ஜிபி, 7 மில்லிமீட்டர் தடிமன். ரேமை 8 ஜிபியாக்குங்கள். உங்கள் தலைமுறைக்குப் பெரும்பாலும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வகைதான் பொருந்தும். டிடிஆர்4 வாங்கினால் அந்தப் பள்ளத்தில் உட்காரவே உட்காராது. வாங்கும் முன் பின்மூடியைக் கழற்றி, இருக்கும் ரேமின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள்.

எஸ்எஸ்டி போடச் சொல்வதற்கு வேகத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதில் லினக்ஸை நிறுவினால், விண்டோஸும் உங்கள் எல்லாக் கோப்புகளும் பழைய டிஸ்க்கில் தொடாமல் அப்படியே இருக்கும். சரிப்பட்டு வரவில்லையா? நான்கு திருகைக் கழற்றிப் பழையதை மாட்டினால் நேற்றைய கணினி திரும்ப வந்துவிடும். பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதியை, சுருக்குவது, தவறான இடத்தை அழிப்பது போன்ற பயங்கள் எதுவும் இல்லை. பழைய டிஸ்க்குக்கு ஒரு யூஎஸ்பி உறை வாங்கினால் அதுவே வெளி டிஸ்க் ஆகிவிடும். கழற்றும்போது சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடலானால் அதன் இணைப்பை விலக்கிவிட்டுக் கைவையுங்கள்.

இனி எந்த லினக்ஸ். உங்களுக்கு லினக்ஸ் மின்ட். 22 வரிசையில் இப்போது கிடைக்கும் கடைசிப் பதிப்பை எடுங்கள். உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட இந்த வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. மின்ட்டில் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகப்புகள். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் சின்னமன். 4 ஜிபியிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. விண்டோஸில் கைபழகியவருக்கு இரண்டும் அந்நியமாகத் தெரியாது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு. மின்ட்டின் குறைந்தபட்சத் தேவை 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் என்று போட்டிருப்பார்கள். அந்த 2 ஜிபியில் இயங்குதளம் எழுந்து நிற்கும், அவ்வளவுதான். பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். நினைவகத்தைத் தின்பது இன்று பிரவுசர்தான், இயங்குதளம் அல்ல.

காலி (Kali) என்ற பெயருள்ள லினக்ஸைப் போடாதீர்கள். கல்லூரி விடுதிகளில் அது நாகரிகமாகிவிட்டது. அது ஊடுருவல் சோதனை செய்பவர்களின் கருவிப்பெட்டி. அப்பா கடிதம் தட்டச்சு செய்யும் கணினிக்கு அங்கே என்ன வேலை? தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியன் வழி வந்தது. பலரும் லினக்ஸை முதலில் பார்த்தது அதில்தான். அத்தகைய பழைய 2 ஜிபி மடிக்கணினி ஒன்று வீட்டில் கிடந்தால் இதே வழிமுறை அதற்கும் பொருந்தும், எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு.

அடுத்து காப்பு. டிஸ்க்கைக் கழற்றிவைத்தாலும் படங்களையும் ஆவணங்களையும் இன்னொரு இடத்தில் நகல் எடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் ஓடும் கணினிகளில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களில் தெரிகிற கோப்புகள் சில உண்மையில் டிஸ்க்கில் இருக்காது. பெயர் மட்டும் இங்கே, சரக்கு இணையத்தில். பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அதுதான் பொருள். நகல் எடுக்கும் முன் ஃபோல்டரை வலது கிளிக் செய்து "எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு" என்ற தெரிவைக் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைக் கணக்கோடு இணைத்துவிடுங்கள், அல்லது கோப்பாக வெளியே எடுங்கள். விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். தாளில் எழுதி எடுத்துவையுங்கள். அந்தச் சாவி இல்லாமல் பழைய டிஸ்க்கை வேறு எங்கே செருகினாலும் ஒன்றும் படிக்க முடியாது.

பென்டிரைவ் தயாரிப்பது எளிது. 8 ஜிபி ஒன்று போதும். அதில் உள்ளது எல்லாம் அழியும். மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவல் வட்டின் முழு நகலை, இறக்குங்கள். ஏறத்தாழ 3 ஜிபி. கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்ப்பதைப் பத்தில் ஒன்பது பேர் தவிர்க்கிறார்கள், பிறகு நிறுவல் எழுபது சதவீதத்தில் நின்றுவிட்டது என்று வருகிறார்கள். பென்டிரைவில் எழுதுவதற்கு விண்டோஸில் ரூஃபஸ் என்ற நிரலைப் பயன்படுத்துங்கள். அதில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்ததும் பக்கத்தில் உள்ள டிக் குறிப் பொத்தானை அழுத்தினால் எஸ்ஹெச்ஏ-256 என்ற 64 எழுத்துக் கோவை தெரியும். தளத்தில் கொடுத்திருக்கும் கோவையோடு முதல் எட்டும் கடைசி எட்டும் ஒத்துப்போனால் இறக்கம் பழுதில்லை. எழுதும் முறை கேட்டால் ஐஎஸ்ஓ முறை. அந்தப் பென்டிரைவ் பூட் ஆகவில்லை என்றால் டிடி முறையில் மறுபடி எழுதுங்கள். டிடி முறையில் எழுதியதை விண்டோஸில் செருகினால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். டிரைவ் கெடவில்லை, விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

செருகிவிட்டுக் கணினியைத் தொடங்கும்போதே, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவின் விசையைத் தட்டிக்கொண்டிருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசஸில் எஸ்கேப் அல்லது எஃப்8. ஏசரில் எஃப்12, ஆனால் பல மாடல்களில் எஃப்2 அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் எஃப்12 மெனுவை இயக்கி வைத்தால்தான் அது வேலை செய்யும். மெனுவில் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முன் யூஇஎஃப்ஐ (புதிய தொடக்க முறை) என்று போட்டிருக்கும். அதையே தேர்ந்தெடுங்கள்.

இப்போது திரையில் வருவது பென்டிரைவிலிருந்தே ஓடும் முழு மின்ட். டிஸ்க்கில் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை. நிறுவும் அவசரத்தில் இந்தக் கட்டத்தைத் தாண்டாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, மைக், கேமரா, டச்பேடில் இரு விரல் உருட்டல், திரை வெளிச்ச விசைகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் திரை வருகிறதா என்பதையும் பாருங்கள்; தூங்கி எழாத லேப்டாப்புகள் லினக்ஸின் பழைய நோய். பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். இங்கே வேலை செய்வது நிறுவிய பிறகும் வேலை செய்யும்.

வைஃபை தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பிராட்காம் அல்லது ரியல்டெக் சிப். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற சிக்கலில் மாட்டுவீர்கள். போனை யூஎஸ்பி கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வேண்டியது பட்டியலில் இருக்கும்.

எஸ்எஸ்டி வாங்கவில்லை, பழைய டிஸ்க்கிலேயே போடப்போகிறீர்கள் என்றால், இதே சோதனை ஓட்டத்தில் டிஸ்க்ஸ் என்ற நிரலைத் திறந்து அந்த டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். "ரீஅலோகேட்டட் செக்டர்", "பென்டிங் செக்டர்" வரிகளில் பூஜ்யத்துக்குப் பதில் பெரிய எண் இருந்தால் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று பொருள். கணினி மெதுவானதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். அதில் எதையும் நிறுவாதீர்கள், முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்.

புதிய எஸ்எஸ்டியில் நிறுவுவது நேர்க்கோடு. மேசையில் உள்ள நிறுவல் சின்னத்தை இருமுறை தட்டுங்கள். விசைப்பலகை கேட்குமிடத்தில் தமிழைத் தேர்ந்துவிடாதீர்கள். கடவுச்சொல் தமிழ் விசையில் பதிந்து, பிறகு உள்ளே நுழைய முடியாமல் நிற்பீர்கள். ஆங்கிலம் அமெரிக்கா, அல்லது ரூபாய்க் குறியுடன் வரும் ஆங்கிலம் இந்தியா. இரண்டாவதில் வலது ஆல்ட்டும் 4-உம் சேர்ந்தால் ₹ வரும். அடுத்த பக்கத்தில் மல்டிமீடியா கோடெக்குகளுக்கு டிக் போடுங்கள், இல்லையென்றால் சில வீடியோக்கள் ஓடாது. கையெழுத்திட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கினால் அங்கேயே ஒரு கடவுச்சொல் கேட்கும். அதை மறக்காதீர்கள். நிறுவி முடித்து முதல் முறை தொடங்கும்போது நீலத் திரை ஒன்று சில விநாடிகள் காத்திருக்கும். அதில் "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலர் வைரஸ் என்று பயந்து இதைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் மின்ட் ஓடும், ஆனால் என்விடியா, பிராட்காம் போன்ற தனியுரிமை டிரைவர்கள் ஏறாமல் நிற்கும்.

"டிஸ்க்கை அழித்து நிறுவு" என்ற தெரிவு புதிய எஸ்எஸ்டிக்குச் சரி. பழைய டிஸ்க்கும் உள்ளே இருந்தால் எந்த டிஸ்க்கின் பெயர் தெரிகிறது என்று கொள்ளளவை வைத்து உறுதி செய்யாமல் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. அது உண்மையிலேயே அழிக்கும், நடுவில் திரும்ப வழியில்லை. நேர மண்டலத்துக்கு கொல்கத்தா. பயனர் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல்.

ஒரே டிஸ்க்கில் விண்டோஸையும் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருந்தால் வேலை சற்று நுணுக்கம். வரிசை மாறக் கூடாது. முதலில் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அந்த டிக் இருக்கும். அது இயங்கும்வரை "ஷட் டவுன்" என்பது உண்மையான நிறுத்தம் அல்ல. விண்டோஸ் தன் மையப் பகுதியை டிஸ்க்கில் உறைய வைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. "என் டி டிரைவில் ஏன் சேமிக்க முடியவில்லை?" என்ற கேள்விக்கு நூற்றுக்குத் தொண்ணூறு முறை பதில் இதுதான்.

பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி டிரைவைச் சுருக்குங்கள். விண்டோஸின் பார்ட்டிஷனை விண்டோஸின் கருவியாலேயே சுருக்குவது நல்லது. லினக்ஸுக்கு 60 ஜிபி விடுங்கள், முடிந்தால் 100. கிடைத்த வெற்றிடத்தை அப்படியே விடுங்கள், அங்கே ஃபார்மேட் எதுவும் வேண்டாம். சி டிரைவில் நிறைய காலி இருந்தும் சுருக்க இடமில்லை என்றால், நகராத சிஸ்டம் கோப்பு ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஹைபர்னேஷனையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். நிறுவும்போது "விண்டோஸ் பூட் மேனேஜருக்குப் பக்கத்தில் நிறுவு" என்ற தெரிவைக் கொடுத்தால் வெற்றிடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்.

அந்தத் தெரிவே வரவில்லையா? இரண்டு காரணங்களில் ஒன்று. விண்டோஸ் பழைய லெகசி முறையில் நிறுவப்பட்டிருக்க, பென்டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கியிருப்பீர்கள், அல்லது மாறி. இரண்டும் ஒரே முறையில் இருக்க வேண்டும். அல்லது டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்றால், பயாஸில் சாட்டா முறை ரெயிட் அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கும். லினக்ஸுக்கு அது ஏஹெச்சிஐ ஆக வேண்டும். ஆனால் சும்மா மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு விழும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்து, மறுதொடக்கத்தில் பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை ஏறிவிட்டால் அது புதிய டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை நீக்கிவிடலாம்.

இரட்டை இயங்குதளத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு வேடிக்கை, கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும். கணினியின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்தியாவும் இலங்கையும் பொது நேரத்துக்கு 5:30 முன்னால் இருப்பதால் அதே அளவு பிசகு. பலர் தாய்ப்பலகையின் பேட்டரி போய்விட்டது என்று மாற்றிப் பணத்தை வீணாக்குகிறார்கள். லினக்ஸில் கட்டளை தட்டச்சு செய்யும் டெர்மினலில் timedatectl set-local-rtc 1 என்று கொடுத்தால் அதுவும் உள்ளூர் நேரத்தையே எழுதும்.

நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்தால் நேரே விண்டோஸ் வருகிறது என்றால் லினக்ஸ் அழிந்துவிடவில்லை. பயாஸில் பூட் வரிசையில் உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்ட் அந்தப் பெயரில்தான் பதியும். விண்டோஸின் பெரிய அப்டேட்டுகளுக்குப் பிறகும் சில சமயம் வரிசை மாறும். சில ஏசர்களில் "பூட் செய்ய எதுவுமில்லை" என்று வரும். பயாஸில் சூப்பர்வைசர் கடவுச்சொல் ஒன்று வைத்தால்தான் "யூஇஎஃப்ஐ கோப்பை நம்பகமானதாகத் தேர்ந்தெடு" என்ற வரி உயிர்பெறும். அதில் உபுண்டு ஃபோல்டருக்குள் உள்ள ஷிம் கோப்பைக் காட்ட வேண்டும். பென்டிரைவ் மெனுவைத் தாண்டியதும் திரை கருப்பாகவே நிற்பது வேறு சிக்கல், கிராஃபிக்ஸ் தகராறு. மெனுவின் இரண்டாம் வரியில் உள்ள கம்பாட்டிபிலிட்டி முறையில் தொடங்குங்கள். நிறுவிய பின் டிரைவர் மேனேஜரில் என்விடியா டிரைவரைப் போட்டால் தீர்ந்துவிடும். உங்கள் இன்டெல் கிராஃபிக்ஸுக்கு இது வராது.

முதல் நாள் வேலைகள் மூன்று. டைம்ஷிஃப்டைத் திறந்து, வாரம் ஒருமுறை சிஸ்டத்தின் நிழல்நகல் எடுக்கச் சொல்லி, மூன்று நகலோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஏதாவது அப்டேட் கெடுத்தால் பத்து நிமிடத்தில் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அது இயங்குதளத்துக்கான காப்பு மட்டுமே, உங்கள் படங்களை அது தொடாது. பிறகு அப்டேட் மேனேஜரில் பக்கத்து மிர்ரரை (திருத்தங்களின் நகல் வைத்திருக்கும் சர்வரை) தேர்ந்து எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுங்கள். மூன்றாவது, டிரைவர் மேனேஜர். புதிய நிரல் வேண்டுமென்றால் கூகுளில் தேடிக் கண்ட இடத்தில் இறக்காதீர்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள், விண்டோஸ் பழக்கத்தில் முதலில் விட வேண்டியது அதைத்தான்.

இப்போது அப்பாவின் தமிழ். யுனிகோட் தமிழைப் படிப்பதற்கு எதுவும் செய்ய வேண்டாம், திரையில் சரியாகவே தெரியும். எழுதுவதற்கு, சாஃப்ட்வேர் மேனேஜர் அல்லது அதைப் போன்ற சினாப்டிக்கில் ஐபஸ் (ibus), ஐபஸ்-எம்17என் (ibus-m17n) ஆகிய இரண்டு பொதிகளை, அதாவது நிரல் தொகுப்புகளை, நிறுவுங்கள். இன்புட் மெதட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். ஐபஸ் விருப்பங்களில் தமிழ் மொழியைத் திறந்தால் தமிழ்99, ஒலியியல், ஐடிரான்ஸ், இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சுப்பொறி, இலங்கையின் ரெங்கநாதன் அமைப்பு என்று வரிசையாக இருக்கும். எந்த விசைப்பலகையில் அவர் விரல் பழகியதோ அதைச் சேருங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்ந்தால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும். விண்டோஸில் அழகி, என்ஹெச்எம் ரைட்டர், இ-கலப்பை எதில் தமிழ்99 அடித்திருந்தாலும் விசை இடங்கள் அதேதான். க-வை இருமுறை அடித்தால் க்க, ந-வுக்குப் பின் த அடித்தால் ந்த என்று புள்ளி தானாக விழும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிஸ்டத்தின் சாதாரண விசைப்பலகைப் பட்டியலிலும் தமிழ்நெட் 99 என்று ஒன்று தெரியும். ஐபஸ் இல்லாமலே அதைச் சேர்க்க முடியும் என்பதால் பலர் அதில் போய் விழுகிறார்கள். அது ஒரு விசைக்கு ஒரு குறி என்ற அளவில் நிற்பது. தானாகப் புள்ளி வைக்கும் அறிவு அதற்கு இல்லை. "லினக்ஸில் தமிழ்99 சரியாக வேலை செய்யாது" என்ற பேச்சு அதனால் வந்ததுதான்.

அப்பாவின் பழைய கோப்புகள் வேறு கதை. அவை வானவில், பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால், கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல, ஆங்கிலக் குறிகள்தாம். எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த டிடிஎஃப் கோப்புகளை எடுத்து, உங்கள் ஹோமில் புள்ளியோடு தொடங்கும் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் உருவாக்கி அதில் போடுங்கள். கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தினால்தான் அந்த ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும். லிப்ரே ஆபீஸை மூடித் திறந்தால் பழைய கடிதங்கள் தமிழாகத் தெரியும். படிக்கவும் அச்செடுக்கவும் இது போதும். புதிதாக எழுதுவதை யுனிகோடிலேயே எழுதச் சொல்லுங்கள். பழையதில் தேடவும் திருத்தவும் வேண்டியவற்றை மட்டும் மாற்றிகளில் போட்டு யுனிகோடாக்குங்கள். மாற்றிய பின் ஒரு முறை வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறும் பிழைகள் வரும்.

வேர்டில் லதா, நிர்மலா எழுத்துருக்களில் செய்த கோப்புகள் லிப்ரே ஆபீஸில் திறக்கும், ஆனால் அந்த எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை என்பதால் வேறொன்று அவற்றின் இடத்தில் அமரும். வரிகள் நகர்ந்து பக்க எண்ணிக்கை மாறலாம். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை குறைவு. கலிப்ரிக்கு கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் என்று அதே அகலத்தில் மாற்று எழுத்துருக்கள் உண்டு. பிறருக்கு அனுப்புவதை பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் இந்தப் பேச்சே இல்லை.

கடைசியாகப் பிரிண்டர். மாடல் எண்ணை நீங்கள் சொல்லவில்லை, அதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் இரண்டு குடும்பங்கள் அதிகம். ஹெச்பி லேசர்ஜெட் 1020, பி1007, பி1008, பி1108 வகையா? ஹெச்பிஎல்ஐபி என்ற பொதி அவற்றை ஓட்டும். ஆனால் இவற்றுக்கு ஹெச்பியின் மூடிய பிளகின் ஒன்று தனியாக இறங்க வேண்டும். பிரிண்டரைச் செருகியதும் பெயர் தெரிந்து, வேலை வரிசையில் நின்று, தாள் மட்டும் வரவில்லை என்றால் பிளகின் இல்லை என்று பொருள். ஹெச்பி டூல்பாக்ஸ் வழியாக அமைப்பை ஓட்டினால் கேட்டு இறக்கிக்கொள்ளும். ஹெச்பிஎல்ஐபி பதிப்பு மாறினால் பிளகினையும் புதிதாக இறக்க வேண்டும், அதனால் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று அச்சு நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அது.

கேனன் எல்பிபி 2900 என்றால் நேராகச் சொல்கிறேன், தலைவலி. அது கேப்ட் என்ற கேனனின் சொந்த மொழியில் பேசும் இயந்திரம். லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் அமைப்பது சுற்றுவழி, அப்டேட்டில் அறுந்துவிடும் இயல்புடையது. முடிந்தவர்கள் ஓட்டுகிறார்கள். வாரம் இரண்டு பக்கம் அடிக்கும் வீட்டுக்கு அந்தப் பாடு தேவையா என்று யோசியுங்கள். கோப்பை பிடிஎஃப் ஆக்கிப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புவது மலிவு. எப்சனின் மைத்தொட்டி எல் வரிசைக்கு எப்சனே டிரைவர் தருகிறது. பிரதரும் அப்படியே. வைஃபையில் ஏர்பிரின்ட் பேசும் புதிய பிரிண்டர்களுக்கு டிரைவரே வேண்டாம், செருகாமலே பட்டியலில் வந்து நிற்கும்.

கழற்றிய டிஸ்க்கை உடனே ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். உறையில் போட்டு, மேல் தேதி எழுதி, மூன்று மாதம் அலமாரியில் வையுங்கள். ஒரு வரிக் கணக்குத் தாக்கலும் மகளின் ஒரு பருவத் தேர்வும் புதிய கணினியில் தொல்லையில்லாமல் முடிந்த பிறகு, அதை அழித்துக் குடும்பப் படங்களின் இரண்டாம் நகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் மாடல் எண்ணைச் சொன்னால் அதற்கான சரியான பொதியின் பெயரைச் சொல்கிறேன்.